வடசிறகும் தென்சிறகும்

எங்கள் ஊரில் தெருவைத் தோண்ட நகராட்சி அனுமதி கொடுத்தால், முதல் மண்வெட்டி தரையில் விழும்போது யார் எந்தச் சிறகில் நிற்கிறார்களோ, குழி மூடும்வரை அவர்கள் அந்தச் சிறகு ஆட்கள். சிறகு என்றால் வீட்டு வரிசை. தெருவுக்கு வடக்கே உள்ளது வடசிறகு, தெற்கே உள்ளது தென்சிறகு. நான் வடசிறகு. என் மனைவி ஆவுடையும் வடசிறகுதான். ஆனால் மண்வெட்டி விழுந்தபோது அவள் தென்சிறகில் இருந்தாள்.

குழி பெரிய குழி இல்லை. இடுப்பளவு ஆழம், ஓர் ஆடு தாண்டிவிடும் அகலம். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீளமாகப் போகிறது. குழியைத் தாண்டுவதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. ஆனால் வழியை நிறுத்தி வைப்பது குழி அல்ல, அனுமதி. தபால்காரர் வீட்டு நாய் வடசிறகிலிருந்து எம்பித் தாவும். வடசிறகிலேயே வந்து விழும். கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துவிட்டு மறுபடியும் தாவும். மனிதர்கள் தாவுவதில்லை.

சுற்றிக்கொண்டு போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சுற்றிப் போனால் கடைத்தெரு வரும், பஸ் ஸ்டாண்டு வரும், பெருமாள் கோவில் வரும். எதிர்ச் சிறகு மட்டும் வராது. கடைத்தெருவுக்கு ஆவுடையும் போவாள், நானும் போவேன். "இப்பத்தான் போறாங்க" என்பார் காய்கறிக்காரர். எப்போது போனாலும் இப்போதுதான் போயிருப்பாள்.

தோண்டும் நாளை முன்கூட்டியே ஒட்டிவிடுவார்கள். அன்றைக்கு எல்லோரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவரவர் வீட்டில் இருப்பார்கள். விருந்தாளிகளை முதல்நாளே பஸ் ஏற்றிவிடுவார்கள். இந்தத் தடவை அனுமதி கேட்டவன் என் தம்பி கொம்பையா. குடிநீர்க் குழாய்க்காகக் கேட்டிருந்தான். அறிவிப்புக் காகிதத்தைத் தன் வீட்டு வாசல் நிலையில் மட்டும் ஒட்டினான். எங்கள் சிறகில் ஒட்டவில்லை. பசை தீர்ந்துவிட்டது என்று பிற்பாடு சொல்லியனுப்பினான்.

கொம்பையா எதிர்வீடு. அவனோடு நான் பேசுவதில்லை. எங்கள் அப்பா இறந்தபோது தெருவை அடைத்துப் பந்தல் போட்டவன் அவன். பந்தலைத் தென்சிறகை ஒட்டிப் போட்டான். கயிற்றை மட்டும் என் வீட்டுத் தூணில் கட்டினான். நிழல் முழுக்க அவன் சம்பந்தகாரர்கள் மேல் விழுந்தது. என் பக்கத்து ஜனம் வெயிலில் நின்று அழுதது. என் மாமனார் மயங்கி விழுந்து, சோடா வாங்கிக் கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தோம். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். மிதிக்கவும் இல்லை. மறக்க வேண்டியதை நான் மறந்துவிடுவேன். இது அந்த வகை இல்லை.

நான் ரைஸ் மில்லில் நெல் அவிக்கிறவன். விடியுமுன் போனால் மத்தியானம் வருவேன். அன்றைக்கு பாய்லர் பழுது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அடுப்பில் உலை கொதிக்கிறது, ஆளைக் காணோம். வாசலுக்கு வந்து பார்த்தேன். எதிர்வீட்டுப் படியில், கொம்பையாவின் மனைவி செண்பகத்தோடு உட்கார்ந்து ஆவுடை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரே சுளகு. உரித்த வேகத்தைப் பார்த்தால் ஒருநாள் பழக்கமாகத் தெரியவில்லை. நான் மில்லில் புகைக்குள் நின்ற காலமெல்லாம் இது நடந்திருக்கிறது.

அப்போது மண்வெட்டி விழுந்தது.

ஆவுடை எழுந்து நின்றாள். சேலையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டாள். "உலையில அரிசி போட்டிருக்கேன். குழைஞ்சிரும், வடிச்சிருங்க" என்றாள்.

நான் உள்ளே போய் வடித்தேன்.

மண்வெட்டியை வீசியவன் யேசுவடியான். பக்கத்து ஊர்க்காரன், கான்ட்ராக்டில் வந்தவன். குழிக்குள் நின்று தோண்டியவன் ஆகையால் அவன் குழி ஆள். இரண்டு சிறகிலும் அவனுக்கு இடம் கிடையாது. குழிக்குள் ஒரு சாக்கை விரித்து, குச்சி நட்டு, பாலிதீன் தாளைக் கூரையாகக் கட்டிக்கொண்டான். ஊரில் அவனுக்கும் மனைவி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தெருமுனைக்கு வந்து குழி ஓரத்தில் குந்தியிருந்து பேசிவிட்டுப் போவாள். அவள் தரையில் இருப்பாள், இவன் இடுப்பளவு கீழே இருப்பான். அதனால் தனக்கு வீட்டில் கிடைத்ததைவிட மரியாதை குறைந்துவிட்டதாக அவன் சொன்னான்.

நின்றது வழிதான், சாமான்கள் நிற்கவில்லை. இந்தப் பக்கத்துப் பாத்திரத்தை யேசுவடியான் வாங்கி அந்தப் பக்கம் வைப்பான். முதல்நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆவுடை குழம்பு கொடுத்துவிட்டாள். கொம்பையா வீட்டுப் புளியில் வைத்த குழம்பு வேண்டாம் என்று திருப்பிவிட்டேன். யேசுவடியான் அதை ஊற்றிச் சாப்பிட்டான். மறுநாளும் சாப்பிட்டான். அதற்கடுத்த நாள் நான் வாங்கிக்கொண்டேன். உப்பும் புளியும் சரியாக இருந்தன. அதனால் கோபம் இன்னும் கூடியது.

ஒருநாள் யேசுவடியான் மூலமாக ஆவுடையிடம் கேட்டனுப்பினேன். அறிவிப்புக் காகிதம் கொம்பையா வீட்டு நிலையில் ஒட்டியிருந்ததாமே, தினமும் அந்த நிலையைத் தாண்டிப் போனவளுக்குத் தெரியாதா என்று. ஆவுடைக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் கேட்டனுப்பினேன்.

யேசுவடியான் குழிக்குள்ளேயே அந்த ஓரமாகப் போய் நின்று பேசிவிட்டு வந்தான்.

"ரசத்துக்கு மிளகு இருக்கான்னு மைனி கேக்காக, அண்ணாச்சி."

மிளகு இருந்தது. அதைச் சொல்லவில்லை.

குழாய் வரவில்லை. குழாய் வராமல் குழியை மூடினால், குழாய் வரும்போது குழி இல்லை என்று திரும்பிப் போய்விடும் என்றார்கள். மழைக்காலம் வந்தது. குழியில் தண்ணீர் நின்றது. யேசுவடியான் சாக்கை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு நின்றபடியே தூங்கினான். ஆவுடை கொம்பையா வாசலைத் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்திருந்தாள். முதலில் எங்கள் வாசலில் போடுகிற கோலத்தையே போட்டாள். இங்கிருந்து பார்த்தால் எங்கள் வாசல் அங்கே இருப்பதுபோல் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அது செண்பகத்தின் கோலமாக மாறியது. ஒரு மூலையில் மட்டும் எங்கள் வீட்டுச் சுழி இருந்தது. கார்த்திகைக்குள் அதுவும் போய்விட்டது.

எங்கள் ஊரில் ஒரு தைப்பொங்கல் குழியோடு கழிந்துவிட்டால், நிற்கிற சிறகே சொந்தச் சிறகு. அதற்குப் பிறகு குழியை மூடினாலும் அவள் இங்கே வருவது விருந்துக்கு வருவதுதான். காபி குடித்துவிட்டு, பொழுது சாயுமுன் கிளம்பிவிட வேண்டும். மேலத்தெருவில் ஒருவருக்கு அப்படி ஆகிவிட்டது. அவருடைய மனைவி வரும்போதெல்லாம் அவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடுவார். அவள் நாற்காலியின் நுனியில் உட்காருவாள்.

மார்கழி பிறந்ததும் நகராட்சிக்குப் போனேன். ஓவர்சியர் அருமைநாயகம் வயதில் என்னைவிடச் சிறியவர். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. அதையும் நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

குழியை யார் கேட்டாரோ அவர்தான் மூடவும் கேட்கலாம், உங்கள் தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள் என்றார். அது நடக்காது என்றேன். அப்படியானால் ஒரு வழிதான் இருக்கிறது என்றார். ஒரு தெரு ஒரே நேரத்தில் இரண்டு அனுமதிகளைத் தாங்காது. வடசிறகு ஆள் யாராவது பந்தலுக்காகத் தெருவை அடைக்க அனுமதி வாங்கினால், பந்தல் போடுமுன் குழியை மூடித்தான் ஆக வேண்டும்.

"கல்யாணமா, சடங்கா, சாவா?" என்றார்.

என் மகள் திருப்பூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அவள் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள். யோசித்துப் பார்த்தேன்.

"சாவு" என்றேன்.

"யாரு?"

"நாந்தான்."

அவர் காலண்டரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை கீழத்தெருவுல ஒரு சாவு இருக்கு. மேளம் ஒரு செட்டுதான். ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு. சனிக்கிழமை செத்துக்கிடுதீரா?"

சனிப் பிணம் தனியாகப் போகாது என்று ஊரில் ஒரு சொல் உண்டு. துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போகும். அதனால் பாடையில் ஒரு கோழியைக் கட்டிவிடுவார்கள். கோழி உங்கள் பொறுப்பு என்றார் ஓவர்சியர். காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறுவரைக்கும் அனுமதி. கொள்ளி வைக்கிறவரின் சம்மதம் மட்டும் வேண்டும்.

எனக்கு மகன் இல்லை. மருமகன் மஸ்கட்டில் இருக்கிறார். மகன் இல்லாதவனுக்குத் தம்பிதான் கொள்ளி.

இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். அப்பா பந்தல் நிழல் ஞாபகம் வந்தது. எதிர்வாசல் கோலமும் கண்ணில் பட்டது. மூன்றாம் நாள் குழி ஓரத்துக்குப் போய், கொம்பையாவை வரச் சொல் என்று யேசுவடியானிடம் சொன்னேன். அவன் வாசலை நான் மிதிக்கவில்லை. என் ஓரத்தில்தான் நின்றேன். கொம்பையா வந்து அவன் ஓரத்தில் நின்றான். ஆள் இளைத்திருந்தான். காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. தினமும் எதிர்வீட்டில் இருக்கிறவனை இவ்வளவு நாளும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை சாகப் போறேன்னு சொல்லு" என்று யேசுவடியானிடம் சொன்னேன்.

யேசுவடியான் திரும்பி அதைச் சொன்னான். அவன் தலைக்கு மேலாகக் கொம்பையா நேராக என்னைப் பார்த்தே கேட்டான்.

"பந்தல் எந்தப் பக்கம்ணே?"

"வடசிறகை ஒட்டி."

"அப்ப எங்க ஆளுக வெயில்ல நிக்கணும்."

"நிக்கட்டும்."

கொம்பையா ஒரு மண்கட்டியைக் காலால் குழிக்குள் தள்ளினான். "சரி" என்றான். பிறகு, "மொட்டை போடணும், என்ன?" என்றான்.

"கொள்ளி வைக்கிறவன் போடத்தான் செய்யணும். நான் சொல்லியா தெரியணும்."

"அதுக்கில்ல. பனி அடிக்குது. தலை தாங்காது. கேட்டேன்."

யேசுவடியான் நடுவில் நின்று, தன்னால் எதுவும் ஆகாது என்பதுபோல மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை விடியற்காலையில் குழியை மூடினார்கள். மண் விழ விழ அதை மிதித்துக்கொண்டே யேசுவடியான் மேலே வந்தான். முழங்கால் தெரிந்தது, பாதம் தெரிந்தது. தெருவின் மட்டத்துக்கு வந்ததும் சாக்கை உதறி மடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான். பந்தலை நான் சொன்ன இடத்தில் போட்டார்கள். ஆறு மணிக்கு நான் பெஞ்சில் படுத்தேன். அனுமதியில் எவ்வளவு உண்டோ அவ்வளவு செத்திருந்தேன்.

ஆவுடை வந்தாள். அவள் தெருவைக் கடக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பந்தலில் நிற்காமல் நேரே வீட்டுக்குள் போனாள். அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டன. தகர டப்பாக்களைத் திறந்து மூடினாள். பிறகு வெளியே வந்து, தலையை அவிழ்த்துவிட்டு, என் நெஞ்சில் விழுந்து ஒப்பாரி வைத்தாள்.

பந்தல் நிழலுக்குப் பகையெடுத்த ராசாவே,
ஒத்த நிழலுக்கு ஊரோட பேச்சறுத்தீரே,
வெயிலு சாஞ்சிருச்சே, வீம்பு சாயலியே
என்று பாடினாள். செண்பகம் எதிரே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அதையே திருப்பிப் பாடினாள். ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. செத்திருந்ததால் சொல்லவில்லை.

குளிப்பாட்டுமுன் முகத்தைத் துடைக்கிற சாக்கில் அவள் என் காதருகே குனிந்தாள்.

"காயிதத்த மொத நாளே செண்பகம் வாசிச்சுச் சொன்னா. தெரிஞ்சேதான் போயிருந்தேன். என்னைய மீட்கவாவது உங்க தம்பிகிட்ட வந்து பேசுவீங்கன்னு பார்த்தேன்." அப்புறம் தாடைக்கட்டைச் சரிசெய்துவிட்டு, "ஒரு மழைக்காலம் எடுத்துட்டீங்க" என்றாள்.

மத்தியானம் கடந்து தூக்கினார்கள். தென்சிறகு ஆட்கள் வெயிலில் நின்றார்கள். கொம்பையா மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகக் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பாடையின் கால்மாட்டில் கோழி தலைகீழாகத் தொங்கியது. வழியெல்லாம் அது சத்தம் போடவே இல்லை. பெண்கள் வழக்கப்படி தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். ஆவுடை முனையில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்து எங்கள் வீட்டைப் பார்த்து நடந்தாள். வடசிறகை நோக்கி நடந்தாள். படுத்தவாக்கில் எனக்கு அது தெரிந்தது. மூங்கில்களுக்கு நடுவே நிம்மதியாகப் படுத்துக்கொண்டேன்.

சுடுகாட்டில் இறக்கி வைத்ததும் தூக்கி வந்தவர்கள் வேகமாகத் திரும்பிவிட்டார்கள். ஆறு மணிக்குப் பந்தல் அனுமதி முடிகிறது. ஆறு மணிக்கே சாக்கடைக்காரர்கள் எங்கள் தெருவைத் தோண்ட அனுமதி வாங்கியிருந்தார்கள். தோண்டும்போது தெருவில் இல்லாதவர்களுக்குச் சிறகே கிடையாது. அதனால்தான் ஓடினார்கள். கொள்ளி வைக்கிறவன் ஓட முடியாது. சாக்கடை விஷயம் கொம்பையாவுக்கும் தெரியும். அவன் தண்ணீர்க் குடத்தோடு மூன்று முறை சுற்றினான். வெட்டியான் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஓட்டை போட்டான். கொம்பையா ஒரு சுற்றையும் குறைக்காமல் மெதுவாகத்தான் சுற்றினான். பிறகு முதுகைக் காட்டி நின்று கொள்ளி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். அது தம்பியின் கடமை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

மார்கழிப் பனியில் எருமுட்டை நமத்திருந்தது. பற்றுவதற்குள் ஆறு மணி ஆகிவிட்டது. நான் எழுந்து மாலையைக் கழற்றினேன். வெட்டியான் கோழியை அவிழ்த்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டான்.

"அடுக்குன வெறகு கெடக்கே, அண்ணாச்சி" என்றான்.

அடுத்தவருக்கு ஆகும் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

தெருமுனைக்கு வந்தபோது தோண்டி முடித்திருந்தார்கள். பந்தலைப் பிரித்து ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். குழிக்குள் யேசுவடியான் இருந்தான். சாக்கடைக்காரர்களும் அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பாதி வழியிலேயே ஆள் அனுப்பித் திருப்பிவிட்டார்களாம். வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

"செறகு இல்லாத ஆளுக குழியில எறங்கணும், அண்ணாச்சி. அந்தக் கல்லுல கால வச்சு எறங்குங்க, வழுக்கும்."

இறங்கினேன். உள்ளே கொம்பையா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து ஒதுங்கி இடம் விட்டான். நான் அந்த இடத்தில் உட்காரவில்லை. எதிரே உட்கார்ந்தேன். குழி ஓர் ஆடு தாண்டும் அகலம்தான். எங்கள் முழங்கால்கள் முட்டிக்கொண்டன.

"கோழி கட்டித்தானே இருந்துச்சு" என்றான் கொம்பையா.

கட்டித்தான் இருந்தது என்றேன்.

பொங்கல் வந்தது. ஆவுடை வடசிறகில் எங்கள் வாசலில் பானை வைத்தாள். செண்பகம் தென்சிறகில் வைத்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொங்கின. இரண்டு பேரும் குலவை போட்டார்கள். ஆவுடை இப்போது என்றைக்கும் வடசிறகு. நான் நினைத்த காரியம் நடந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் எங்கள் தலைக்கு மேலே கிண்ணங்களை எட்டிக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். நெல்லு விலை, யார் வீட்டுப் பெண் மாசமாக இருக்கிறாள் என்பதெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். எங்களுக்கும் சோறு இறக்கித் தருகிறார்கள். ஒரே சட்டியில் தருவதால் யார் எவ்வளவு சாப்பிட்டோம் என்று தெரிவதில்லை. இறக்கும்போது ஆவுடையின் வளையல் கை மட்டும் எனக்குத் தெரியும்.

தையில் பனி இன்னும் கூடியது. குழியில் ஈரமில்லாத இடம் ஒன்றுதான். கொம்பையா அதில் காலை நீட்டினான். முதலில் வந்தவன் நான் என்றான். முதலில் பிறந்தவன் நான் என்றேன். சனிக்கிழமைப் பந்தல் நிழலை விட்டுக்கொடுத்தேனே என்றான். நீ விட்டுக்கொடுக்கவில்லை, அனுமதி என் பெயரில் இருந்தது என்றேன். யேசுவடியான் தன் பாலிதீன் தாளை எங்கள் இரண்டு பேர் மேலும் படும்படி இழுத்துக் கட்டிவிட்டு, தான் பனியில் நின்றான்.

ஓவர்சியர் குழியைப் பார்வையிட வந்தபோது, குழிக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே குறுக்காக ஒரு குழி தோண்ட அனுமதி கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும் என்றார். ஆனால் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும். நான் கையெழுத்துப் போட்டேன். கொம்பையா என் முதுகில் காகிதத்தை வைத்து அவன் கையெழுத்தைப் போட்டான்.

மறுநாள் அனுமதி வந்தது. இருந்த மண்வெட்டி ஒன்றுதான். நான் கொஞ்சம் வெட்டிவிட்டு அவனிடம் கொடுத்தேன். அவன் வெட்டுகிற நேரத்தில் நான் மண்ணை அள்ளி மேலே போட்டேன்.